அடுத்த மேசைக்கு எப்போது?

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் தங்கை மகன் லண்டனிலிருந்து வந்திருந்தான். அங்கே ஒரு தணிக்கை நிறுவனத்தில் பணிபுரிபவன். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டார் அனைவரும் உறங்கச் சென்றபின், திண்ணையில் நம் அருகே வந்து அமர்ந்து ஒரு குறிப்பேட்டை விரித்தான். "மாமா, ஒரு கேள்வி. கோபப்படக் கூடாது" என்றான். திருமணப் பேச்சாக இருக்கும் என்று நாம் எண்ணினோம். அவன் கேட்டதோ வேறு: "நான் எப்போது அடுத்த மேசைக்கு ஏறலாம்?"

அவன் இரண்டு ஆண்டுகளாக இணையத்தில் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடி வருகிறான். அந்நாட்டில் அது அரசின் உரிமம் பெற்று நடக்கும் தொழில். ஆடலாமா, கூடாதா என்று அவன் நம்மைக் கேட்கவில்லை. ஆடுவதென்று முடிவு செய்துவிட்டவன், இப்போது ஆடும் சிறிய பந்தயத்தை விட்டு அதைப்போல் இருமடங்கு பந்தயம் உள்ள மேசைக்குப் போகும் காலம் வந்துவிட்டதா என்றுதான் கேட்டான். முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்தவர் என்பதால் நம்மிடம் வந்திருக்கிறான்.

நம் நாவில் மறையுரை ஒன்று ஆயத்தமாகவே இருந்தது. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கியதையும், தோற்பதைவிட வெல்வதே அதில் பெரிய ஆபத்து என்று தூண்டில் இரையை விழுங்கும் மீனைக் காட்டியதையும் சொல்லத் தொடங்கினோம். அவன் பணிவாகவே இடைமறித்தான். "அதைப் பள்ளியில் படித்தேன், மாமா. வலியறிதல் என்னும் அதிகாரத்தையும் படித்தேன். நான் கேட்பது அதைப் பற்றி." தன் வலியையும் மாற்றான் வலியையும் அளந்தறியாமல் மரத்தின் நுனிக்கொம்பு வரை ஏறியவன், அதற்கும் அப்பால் ஏற முயன்றால் என்ன ஆவான் என்று அந்த அதிகாரம் சொல்வது நமக்கு நினைவுக்கு வந்தது. மறையுரையை மடித்து வைத்துவிட்டுக் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டோம்.

இவ்வாட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. இடையிடையே நான்கு சுற்றுப் பந்தயம். ஒருமுறை சீட்டுப் பங்கிட்டு முடிவு காணும்வரை உள்ளதை ஒரு 'கை' என்பர். ரொக்க ஆட்டம் என்றால் மேசையில் உள்ளது அப்படியே பணம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஒவ்வொரு கையிலும் இருவர் சீட்டைப் பாராமலே கட்டவேண்டிய தொகைக்குப் பிளைண்டு என்று பெயர். அந்தத் தொகையே மேசையின் உயரத்தைக் காட்டும் அளவுகோல். நம் மருமகன் ஆடும் மேசையில் பெரிய பிளைண்டு 25 சென்ட். அதைப்போல் நூறு மடங்கு, அதாவது 25 டாலர், எடுத்துக்கொண்டு அமர்வது வழக்கம். அடுத்த மேசையில் 50 சென்ட், 50 டாலர். அதன்மேல் நூறு, இருநூறு என்று ஏறி, உச்சியில் ஒரே மேசையில் லட்சக்கணக்கான டாலர் கிடக்கும் நிலையும் உண்டு.

குறிப்பேடு ஒரு கணக்கனுடையது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. ஆடியது 20,000 கை. வென்றது 400 டாலர், அதாவது 1,600 பெரிய பிளைண்டு. நூறு கைக்கு எட்டு. தொடக்கத்தில் போட்ட 500 டாலர் இப்போது 900. இந்த எட்டு என்ற எண்ணைச் சுற்றி அவன் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தான். கைதேர்ந்தவர்களும் ஐந்து கிடைத்தால் மகிழ்வார்களாம்.

"இந்த எட்டு யாருடையது?" என்று கேட்டோம். அவனுக்குப் புரியவில்லை.

ஆறு பேர் அமரும் இத்தகைய மேசையில், நூறு கைக்கான திட்ட விலக்கம் ஏறத்தாழ 90 பிளைண்டு என்று ஆட்டக்காரர்களே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். சராசரி எட்டு, அதைச் சுற்றியுள்ள அலையோ தொண்ணூறு. இருபதாயிரம் கை என்பது இருநூறு நூறுகள். இருநூறின் வர்க்கமூலம் பதினான்கு. தொண்ணூறைப் பதினான்கால் வகுத்தால் ஆறரைக்குச் சற்றுக் குறைவு. அதன் இருமடங்கு பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அவனது உண்மையான வலி நூறு கைக்கு இருபதாகவும் இருக்கலாம். நாலரைக்கும் மேல் நட்டமாகவும் இருக்கலாம். அவன் நல்ல ஆட்டக்காரனா, நல்ல மாதங்களைக் கண்ட சாதாரண ஆட்டக்காரனா என்று அந்த வட்டமிட்ட எண்ணுக்குத் தெரியாது.

"லட்சம் கை ஆடினால் தெரியுமா?" என்றான். அதையும் கணக்கிட்டோம். லட்சம் கைக்குப் பிறகு சராசரி ஐந்து என்று வந்தாலும், இருபுறமும் ஐந்தரைக்கு மேல் ஊசலாட்டம் இருக்கும். வெல்பவன்தானா என்பதே அப்போதும் முற்றிலும் உறுதியாகாது. நேரில் அமர்ந்து ஆடும் கூடத்தில் மணிக்கு முப்பது கை என்றால் லட்சம் கைக்கு மூவாயிரம் மணிக்கு மேல் ஆகும். இணையத்தில் நான்கு மேசைகளை ஒரே திரையில் விரித்து ஆடுவதால் சில நூறு மணியில் முடிந்துவிடும். இணையம் இங்கே ஒரு நன்மை செய்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்: தன்னை அறியும் காலத்தைச் சுருக்குகிறது. ஏமாறும் காலத்தையும் அதே அளவுக்குச் சுருக்குகிறது.

இன்னொன்றும் கவனித்தோம். இந்தக் கேள்வி நல்ல மாதத்தின் முடிவில்தான் எழுகிறது. தொடர்ந்து தோற்றவன் எவனும் அடுத்த மேசைக்கு எப்போது ஏறலாம் என்று கேட்பதில்லை. எனவே கேட்பவன் கையில் உள்ள எண் எப்போதும் உள்ளதைவிடச் சற்று அழகாகவே இருக்கும். தேர்வில் நல்ல மதிப்பெண் வந்த நாளில் மட்டும் விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவரும் மாணவர்களை நாம் அறிவோம்.

சட்டமும் இதே கேள்வியில்தான் பல ஆண்டுகள் சுழன்றது. இணையச் சூதில் பணமிழந்தோர் பலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளுக்குப் பின் தமிழ்நாடு 2022-இல் சட்டம் இயற்றியது. போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அந்தத் தடையிலிருந்து அவற்றை 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது. ஆட்டத்தில் திறமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தத் திறமை ஆடுகிறவனிடம் உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுத முடியாது.

நிகழ்தகவுக் கணிதமே ஓரளவு சூதாடியின் கேள்வியில் பிறந்த குழந்தைதான். பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் பாஸ்கல் தம் வாழ்வையே திருப்பிய அந்த இறையனுபவ இரவைக் கண்டார். இது நம் பொருளுக்குத் தேவையில்லை. மருமகனிடம் சொன்னபோது அவன் மகிழ்ந்தான் என்பதால் இங்கும் சொல்லி வைக்கிறோம்.

இனிக் கைமுதல். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இரண்டு மனிதர்களைக் காட்டுகிறார். ஒருவர் கோபுரம் கட்ட நினைப்பவர். முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டியவர். மற்றவர் பதினாயிரம் வீரரோடு இருபதாயிரம் வீரரை எதிர்க்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கும் அரசர். சீடராவதன் விலையைப் பற்றிய போதனை அது, பணத்தைப் பற்றியதன்று. ஆயினும் அந்த உவமைகளில் உள்ள உலகியல் அறிவு உண்மையானது. போக்கர் ஆடுவோரும் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஏற விரும்பும் மேசைக்குரிய தொகையைப்போல் இருபது அல்லது முப்பது மடங்கு கையில் இருக்கவேண்டும், எச்சரிக்கையுள்ளவர் ஐம்பது என்பர். நம் மருமகனிடம் இருந்தது 900 டாலர். ஐம்பது டாலர் மேசைக்குப் பதினெட்டு மடங்கு. இரண்டுதான் குறை. அந்த இரண்டுக்காகத்தான் அவன் தூக்கம் கெட்டிருந்தது.

இந்த ஒழுங்கை உலகுக்கு விளங்க வைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான கிறிஸ் ஃபெர்கூசன்; கணினி அறிவியலில் முனைவர், 2000ஆம் ஆண்டின் உலகப் போட்டி வெற்றியாளர். 2006-இல் ஒரு காசும் போடாமல், நுழைவுக் கட்டணமில்லாப் போட்டிகளில் தொடங்கிப் பத்தாயிரம் டாலர் சேர்த்துக் காட்டுவதாகச் சொன்னார். ஓராண்டுக்கு மேல் உழைத்துச் செய்தும் காட்டினார். அவரது விதிகளுள் இரண்டு நம் நினைவில் நிற்பவை. கைமுதலில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எந்த ரொக்க மேசைக்கும் கொண்டுபோகக் கூடாது என்பது ஒன்று. மற்றது நம்மை வியக்க வைத்தது: மேசையில் வென்று வென்று, அங்குள்ள தம் பணம் மொத்தக் கைமுதலில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால், அந்தச் சுற்று முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். வெற்றியின் நடுவில் எழுந்து போவதற்கு ஒரு விதி!

அதே ஃபெர்கூசன் நிறுவனர்களுள் ஒருவராக இருந்த ஃபுல் டில்ட் போக்கர் என்னும் தளத்தின் கதை வேறு விதம். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அதையும் வேறு சில தளங்களையும் முடக்கியது. ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரவேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலராக இருக்க, வங்கியில் இருந்தது 6 கோடி அளவே என்று அவ்வாண்டு செப்டம்பரில் அரசு தன் மனுவில் கூறியது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014-இல். தன் கைமுதலை நூற்றுக்கு ஐந்தென்று காத்தவன்கூட, அந்தக் கைமுதல் எவர் பெட்டியில் இருக்கிறது என்று கேட்கவில்லை. கணக்கனான நம் மருமகன் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தான்.

இருபது மடங்கு என்ற விதி எவ்வளவு காக்கும்? இதற்கும் ஒரு வாய்பாடு உண்டு. உண்மையான வலி நூறு கைக்கு ஐந்து என்றால், இருபது மடங்கு கைமுதலோடு ஒருபோதும் கீழிறங்காமல் ஆடுபவன் முழுதும் இழக்கும் வாய்ப்பு நூற்றில் எட்டோ ஒன்பதோ. வலி இரண்டுதான் என்றால் நூற்றில் முப்பத்தேழு. வலியே இல்லை என்றால் அழிவு உறுதி, காலம்தான் கேள்வி. மேலும், மேலே உள்ள மேசையில் எதிரிகள் இன்னும் கூர்மையானவர்கள். அங்கே எட்டு எட்டாக இராது. கட்டும் பணத்திலிருந்து நூற்றுக்கு ஐந்து அளவில், ஓர் உச்சவரம்போடு, தளம் கமிஷன் எடுக்கிறது. ஆறு பேர் தங்களுக்குள் பணத்தை மாற்றிக்கொள்ளும் மேசையில் ஏழாவது கை ஒன்று ஓயாமல் எடுத்துக்கொண்டிருந்தால், ஆறு பேரும் வெல்பவராக இருக்க முடியாது என்பதற்குக் கணித ஆசிரியர் தேவையில்லை.

அந்தக் கணக்கில் உள்ள 'ஒருபோதும் கீழிறங்காமல்' என்ற சொல்லில் நாம் நின்றோம். தோற்றால் பழைய மேசைக்கு இறங்கிவிடுபவனுக்கு அழியும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. மேலேறுவதற்குப் பதினெட்டு மடங்கா, இருபதா, முப்பதா என்பதைவிட, இறங்குவதற்கான எல்லை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறதா என்பதே பெரிது. "மூன்று மேசைப் பணம் போனால் இறங்கிவிடுவேன் என்று எழுதிக் கையொப்பமிட முடியுமா?" என்றோம். "முடியும்" என்றான், உடனே. அந்த உடனே நமக்குப் பிடிக்கவில்லை. உவமையில் வரும் அரசர், தம்மால் இயலாது என்று கண்டால், எதிரி தொலைவில் இருக்கும்போதே தூதரை அனுப்பிச் சமாதானம் கேட்கிறார். நெருங்கிவிட்டபின் கேட்பதற்கு விலை வேறு.

புனித இஞ்ஞாசியார் சூதாடிகளுக்காக எழுதவில்லை. எனினும் அவரது ஆன்மீகப் பயிற்சிகளில் உள்ள இரண்டு அறிவுரைகள் இங்கே வியப்பூட்டும் விதத்தில் பொருந்துகின்றன. மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், முன்னர் தெளிந்து எடுத்த முடிவை மாற்றலாகாது என்கிறார். தோற்ற இரவில் இழந்ததை மீட்க மேல் மேசைக்குத் தாவுபவன் செய்வது இதற்கு நேர்மாறானது. இரண்டாவதை நாம் குறைவாகவே நினைக்கிறோம்: ஆறுதல் வந்து போனபின்னும் உள்ளத்தில் தங்கும் வெதுவெதுப்பில் நாம் போடும் திட்டங்கள் இறைவனிடமிருந்து வந்தவைதாமா என்று கவனமாகச் சோதிக்க வேண்டும் என்கிறார். வெற்றியின் கதகதப்பும் அத்தகையதே. முடிவெடுக்கத் தகுதியற்ற வேளைகள் தோல்விக்குப் பின் மட்டும் வருவதில்லை.

2009-இன் இறுதியில் ஸ்வீடன் நாட்டு விக்டர் பிளோம் என்ற பத்தொன்பது வயது இளைஞர், 'இசில்டூர்1' என்ற புனைபெயரில், இணையத்தின் மிக உயர்ந்த மேசைகளில் திடீரெனத் தோன்றினார். உலகின் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களை ஒரே வேளையில் பல மேசைகளில் எதிர்த்துப் பல பத்து லட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு டிசம்பரில் ஒரே அமர்வில் சுமார் 42 லட்சம் டாலர் இழந்தார். அவருக்குத் திறமை இல்லை என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை. இதை மருமகனே நமக்குச் சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் அச்சத்தைவிட ஏக்கமே மிகுந்திருந்தது. அதையும் நாம் குறித்துக்கொண்டோம்.

இதுவரை பேசியதெல்லாம் தன்னைக் காத்துக்கொள்ளும் கணக்கு. பிறகுதான் நாம் கேட்க விரும்பியதைக் கேட்டோம். "இந்த 400 டாலர் யாரிடமிருந்து வந்தது?"

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2413ஆம் எண்ணில், பந்தய ஆட்டங்கள் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்றே சொல்கிறது. ஒருவர் தம் தேவைக்கும் பிறர் தேவைக்கும் இன்றியமையாததைப் பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன. அந்த ஆசை அடிமைத்தனமாக மாறக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. புனித தோமா அக்குவினாஸ் இன்னும் நுட்பமாகப் பார்க்கிறார். சூதில் வந்த பணத்தைத் தருமம் செய்யலாமா என்று ஆராயும் இடத்தில், தம் உடைமையைக் கைமாற்றும் தகுதியில்லாதவரிடமிருந்து, அதாவது சிறுவரிடமிருந்தும் சித்தம் கலங்கியவரிடமிருந்தும், வென்ற பணத்தைத் திருப்பித் தரக் கடமை உண்டு என்கிறார். பேராசையால் ஒருவரை ஆட்டத்துக்கு இழுத்து வந்து வென்றாலும் அவ்வாறே. எழுந்து போக முடியாத நிலைக்கு ஆட்டத்தால் அடிமைப்பட்டவரை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்பது நம் கேள்வி. சேர்க்கலாம் என்பது நம் கருத்து. இறையியலார் மாறுபடக்கூடும்.

மருமகன் சற்றுத் தயங்கிச் சொன்னான். மேசையைத் தேர்ந்தெடுப்பதும் இந்த ஆட்டத்தின் ஒரு திறமையாம். ஆறு பேரில் தெளிவாகத் தோற்பவர் ஒருவராவது இல்லாத மேசையில் அறிவுள்ளவர் அமர்வதில்லை. மேலே ஏறலாமா என்பதற்கு விடை பெரும்பாலும் மேலே அன்று யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அவரவர் பணம், அவரவர் விருப்பம் என்பது அவன் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சந்தையில் மலிவாக விற்பவனிடம் நாமும்தான் வாங்குகிறோம். விற்பவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பதில்லை. ஆயினும் அவன் வாதத்தை முடித்த விதம் முடிவு கண்டவனின் விதமாக இல்லை. அதற்குள் தங்கை விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து, விடியும் நேரத்தில் மாமனும் மருமகனும் என்ன கணக்குப் போடுகிறீர்கள் என்றாள். கணக்குத்தான் என்றோம்.

தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் அவனிடமிருந்து நீண்ட மடல் ஒன்று வந்தது. ஏறியிருக்கிறான். மூன்று இரவுகளில் மூன்று மேசைப் பணம், 150 டாலர், போயிற்று. சொன்னபடி இறங்கிவிட்டான். இறங்கிய அன்று சிறிய மேசையின் பொத்தானைத் தொட ஒரு மணி நேரம் கை வரவில்லை என்று எழுதியிருந்தான். பணம் பெரிதில்லை, அங்கே தன்னை அறிந்தவர் ஒருவருமில்லை, ஆயினும் யாரோ பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்ததாம்.

மடலின் இறுதியில் வேறொன்று. சிறிய மேசையில் ஒருவர் ஒவ்வொரு நாளும் பின்னிரவு மூன்று மணிக்கு வருகிறார். தோற்கிறார், மீண்டும் பணம் போடுகிறார், தோற்கிறார். அவர் வந்ததும் மற்ற இருக்கைகள் நொடியில் நிறைந்துவிடுகின்றன. ஒரு வாரமாகத் தான் அந்த மேசையில் அமரவில்லை. "நான் அமராவிட்டாலும் அந்த இருக்கையில் வேறொருவர் அமர்கிறாரே, மாமா, அவருக்கு அதனால் என்ன நன்மை?" என்று கேட்டிருக்கிறான்.

ஒருமுறை எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டோம். மடல் இன்னும் நம் மேசைமேல்தான் இருக்கிறது.